பத்து மாத அட்வான்ஸும் நான்கு அமெரிக்க ஊர்களும்

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி டூட்டி முடித்து, பேருந்து நிலையத்தில் கடலூர் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த மெயில் வந்தது. நர்ஸ் வேலைக்கு என்னை அமெரிக்கா அனுப்பப்போகும் ஏஜென்சியிலிருந்து வந்திருந்தது. விசா கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, நான்கு நகரங்களில் ஆஸ்பத்திரி வேலை காலியாக இருக்கிறது, எந்த நகரம் வேண்டுமென்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஹூஸ்டன், சான் டியாகோ, மினியாபொலிஸ், பிட்ஸ்பர்க். அன்று திங்கட்கிழமை.

மூன்று தடவை படித்தேன். பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. புதுச்சத்திரம் எப்போது போனது, ஆலப்பாக்கம் எப்போது போனது என்று தெரியவில்லை. நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போனபிறகுதான் விழித்துக்கொண்டு கத்தினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சிரித்துக்கொண்டே இறங்கித் திரும்பி நடந்தேன்.

எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. அதுவரை உனக்கு எந்த ஊர் வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. புவனகிரியில் பிறந்தேன், அது என் கையில் இல்லை. சிதம்பரத்தில் நர்சிங் படித்தேன், பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் வேறு கல்லூரி இல்லாததால். கல்யாணம் ஆகிக் கடலூர் வந்தேன், மாப்பிள்ளை இருந்தது கடலூரில். பிறகு வளைகுடாவில் ஓர் ஊர், ஏஜென்ட் எங்கே டிக்கெட் எடுத்தாரோ அங்கே. இப்போது உலகத்திலேயே பெரிய நாடு ஒன்று நான்கு ஊர்களை என் முன்னால் வரிசையாக நிறுத்தி, உனக்கு எது பிடித்திருக்கிறது சொல் என்று கேட்கிறது. பெண் பார்க்க என் வீட்டுக்கு வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்ததெல்லாம் ஞாபகம் வந்தது. இப்போது பார்க்கிறவள் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவுக்கு நான் தனியாகத்தான் போனேன். அந்தச் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நடுவில் லீவில் வந்து வந்து போனேன், ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது ஆறு. என் கணவரும் நாத்தனாரும் வளர்த்தார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. நான் வந்து இறங்கிய அன்றைக்குப் பிள்ளை என் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்து, எத்தனை நாள் லீவு என்று கேட்டாள். இனிமேல் லீவு இல்லை, இங்கேதான் என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த ஒரு வருடம் மாதத்துக்கு ஒரு தடவையாவது அதே கேள்வியைக் கேட்டாள். பிள்ளையை விட்டுவிட்டு இனி எந்த நாட்டுக்கும் போகமாட்டேன் என்று அப்போது சபதம் எடுத்தேன். அமெரிக்கப் பரீட்சைக்கு இதே பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் படித்ததுகூட, அந்த நாட்டில் நர்ஸோடு கணவனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே விசா கொடுக்கிறார்கள் என்பதற்காகத்தான். ஆக, என் ஒரு சம்பளத்தில் மூன்று பேரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து வாழக்கூடிய ஊர் எது என்பதுதான் என் கேள்வி. மகளுக்கு இப்போது பத்து வயது.

என் கணவர் ஏ.சி. மெக்கானிக். விஷயத்தைச் சொன்னதும் டூல் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். பிறகு போன வருடக் காலண்டர் அட்டையை ஆணியிலிருந்து கழற்றி, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இடதுபக்கம் நான்கு ஊர். மேலே தண்ணி, வாடகை, குளிர், கறி, ஸ்கூல், அவருக்கு வேலை என்று கட்டங்கள். பத்துக்கு மார்க். எனக்கென்று ஒரு கட்டம் வேண்டும் என்று சண்டை போட்டு, கடைசியில் கடல் என்று எழுதவைத்தேன். கடல் இல்லாத ஊரில் சாயங்காலம் எங்கேதான் போவது என்பது என் வாதம்.

தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கடலூரில் வீடு பார்க்கப்போகிறவர்கள் முதலில் சமையலறையைப் பார்க்கமாட்டோம். சுவரைப் பார்ப்போம், வெள்ளம் நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் ஜாஸ்தியாகும். அடுத்தது ரோடு. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவார்கள், ரோடு ஏற ஏற வீடு பள்ளத்துக்குப் போய்விடும். இதெல்லாம் போதாதென்று என் கணவர் தெருமுனை டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு, இந்தத் தெருவில் தண்ணி எதுவரைக்கும் வந்தது என்று மெதுவாகக் கேட்பார். வீட்டுக்காரர் பொய் சொல்லலாம், டீக்கடையில் பொய் சொல்லமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நாங்கள் இப்போது இருக்கும் வீடு அப்படி மூன்று டீ குடித்துப் பிடித்த வீடு.

அமெரிக்காவில் டீக்கடைக்கு எங்கே போவது? போனில் மேப்பைத் திறந்து தெருப் படங்களுக்குள் இறங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவே ஹூஸ்டன் தெருக்களில் விரலாலேயே நடந்துகொண்டிருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலைப் பெரிதாக்கி, ரோடும் நிலைப்படியும் சமமாக இருக்கின்றன, ஒரு மழை தாங்காது என்றார். அந்த ஊருக்கும் புயல் வரும் என்று தெரிந்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. வெயில் ஊர், ஏ.சி. வேலை கொட்டிக் கிடக்கும், அவருக்கென்றே செய்த ஊர். ஆனாலும் தண்ணிக்கு இரண்டு மார்க்தான் போட்டார். புயலுக்குப் பயந்து புயல் ஊருக்கே போவார்களா என்று அவரே சொல்லிக்கொண்டார்.

புவனகிரியிலிருந்து என் மாமா போன் செய்தார். சிங்கப்பூரில் பத்து வருடம் இருந்தவர், ஆகையால் எல்லா நாட்டைப் பற்றியும் அவரிடம் கருத்து உண்டு. ஹூஸ்டனில் நம்ம ஆட்கள் ஜாஸ்தி, ஹலால் கறி தெருவுக்குத் தெரு கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு போ என்றார். மற்ற மூன்று ஊர்களைப் பற்றிக் கேட்டதற்கு, பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை, அங்கே எப்படிக் குடித்தனம் பண்ணுவாய் என்றார். மினியாபொலிஸுக்கு என் கணவர் ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார். “ஊரே ஏ.சி.ல இருக்குது, அங்க எனக்கு இன்னா வேலை?” சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அந்த இரண்டு நாளும் வீட்டில் கல்யாணக் களைதான். சோறு பொங்கி வழிந்தாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்குச் சான் டியாகோ மேல்தான் ஆசை. படத்தில் அந்தக் கடலைப் பார்த்ததுமே கடல் கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டுவிட்டேன், பேனா அட்டையில் பதியும்படி. வாடகைக் கட்டத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாடகைக் கட்டத்தில்தான் எல்லாம் கவிழ்ந்தது. புதன்கிழமை சாயங்காலம் என் கணவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊரின் சாதாரண வீட்டு வாடகையையும் எழுதி, பக்கத்தில் பத்தால் பெருக்கி இன்னொரு தொகையை எழுதினார். பத்து மாத அட்வான்ஸ். இந்த வீட்டுக்கு வரும்போது என் வளையல்களை அடகு வைத்துப் பத்து மாத வாடகையைக் கட்டினோமே, அதே கணக்கு. நானும் பார்த்தேன், தலையாட்டினேன். ரொம்ப மலிவான பிட்ஸ்பர்க்குக்கே அந்தத் தொகை எங்கள் சேமிப்பைப் போல நாலு மடங்கு இருந்தது. மற்ற ஊர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

 பிறகு அவர்தான் வாயைத் திறந்தார். நான் முதலில் போவது, யாராவது நர்ஸ்களோடு ஓர் அறையில் தங்குவது, ஒரு வருடம் சம்பளத்தைச் சேர்த்து அட்வான்ஸ் கட்டி வீடு பிடித்துவிட்டு இவர்களைக் கூப்பிடுவது. ஒரு வருடம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்றார். அவர் குரலே சரியில்லை. நானும் ஆமாம், ஒரு வருடம்தானே என்றேன். பிள்ளை அந்தப் பக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக எந்த ஊர், எந்த ஊர் என்று நாங்கள் அடித்த கூத்தில் அவள் ஒரு தடவைகூடச் சேர்ந்துகொள்ளவில்லை என்பது எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அட்டையை ஒரு தடவை பார்க்கலாம் என்று எடுத்தேன். கடைசியில், கடலுக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு கட்டம் இருந்தது. பிள்ளைதான் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டிருந்தாள். மேலே “நான்” என்று எழுதி, நான்கு ஊருக்கும் கீழே கீழே முட்டை போட்டிருந்தாள். பத்துக்கு சைபர்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என் மேல்தான். சபதமாவது மண்ணாவது, ஒரு பெருக்கல் கணக்கைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டேனே என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். என்னோடு வளைகுடாவில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்த கம்மாபுரத்துக்காரி, இப்போது அமெரிக்காவில் வேறொரு ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அவள் புருஷனும் மகனும் அவளோடுதான் போனார்கள். அவள் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டுவிடுவது.

திங்கட்கிழமையே அவளோடு ஒரு மணிநேரம் பேசியிருந்தேன். குளிரைக் கேட்டேன், கறியைக் கேட்டேன், ஸ்கூலைக் கேட்டேன், முருங்கைக்கீரை கிடைக்குமா என்றுகூடக் கேட்டேன். அட்வான்ஸை மட்டும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? அவள் வீட்டு நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு பணம் கொடுத்திருந்தார்கள், அதில் கட்டியிருப்பாள் என்று நானாகவே முடிவு செய்துவைத்திருந்தேன்.

டயாலிசிஸ் வார்டில் காலை டீ இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். அங்கே அவளுக்கு நைட் டூட்டி. வெட்கத்தை விட்டு, பத்து மாத அட்வான்ஸை எப்படிப் புரட்டினாய் என்று கேட்டேன்.  

“பத்து மாசமா? எவண்டி சொன்னது?” என்றாள்.

“யாரும் சொல்லல. இங்க அப்படித்தானே?”

“அங்க அப்படித்தான். இங்க ஒரு மாச வாடகதாண்டி அட்வான்ஸு. புது ஆளுன்னு சில பேரு ரெண்டு மாசம் கேப்பாங்க. வேலை லெட்டர காட்டு, கையெழுத்து போடு, சாவிய வாங்கு, அவ்ளோதான்.”

பிறகு சிரித்தாள் பாருங்கள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். நாலு ஊரின் வெள்ளத்தையும் விசாரித்தவர்களுக்கு ஒரு அட்வான்ஸை விசாரிக்கத் தெரியவில்லையா என்று கேட்டாள். கேட்கட்டும், அன்றைக்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். டீ ஆறிப் போனது. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் வரும் ஒரு பாட்டையா, ஏம்மா லாட்டரி விழுந்திடுச்சா என்று கேட்டார். ஆமாங்க, விழுந்திடுச்சு என்றேன்.

கணவருக்கு உடனே போன் செய்து, அங்கே அட்வான்ஸ் ஒரு மாதம்தான், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று சொன்னேன். யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஏ.சி.யைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தார். 

“அப்ப நானும் வரலாமா புள்ள?” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கண் நிறைந்தது. ஒரு வருடம்தானே என்று முந்தைய நாள் சொன்ன மனுஷன் அவர்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளை டியூஷன் போயிருந்த நேரத்தில் வாடகைக் கட்டம் முழுவதையும் அடித்துவிட்டுப் புதிதாக மார்க் போட்டோம். சான் டியாகோவுக்கு மறுபடி உயிர் வரும் என்று எனக்கு நப்பாசை. வரவில்லை. அட்வான்ஸ் போனாலும் மாத வாடகையே என் சம்பளத்தில் பாதிக்குமேல் தின்றுவிடும். கடல் கட்டத்தை நானே பேனாவால் அடித்தேன். வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் பேனாவோடு உட்கார்ந்து எனக்கு வேண்டியதை நானே விட்டுக்கொடுப்பதிலும் ஒரு கெத்து இருந்தது.

பிட்ஸ்பர்க்கில் மூன்று ஆறு கூடுகிறது என்று கேள்விப்பட்டதும் என் கணவர் திடுக்கிட்டார். கெடிலமும் பெண்ணையாறும் சேர்ந்து எங்களைப் படுத்துவது போதாதா என்றார். ஆனாலும் போனை எடுத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் இறங்கினார். பத்து நிமிஷத்தில் ஓடிவந்து படத்தைக் காட்டினார். ஊரே மேடு. ரோட்டிலிருந்து படி ஏறி, இன்னும் படி ஏறி, அதற்குமேல்தான் வாசல் கதவு. ஒவ்வொரு படியாக விரல் வைத்து எண்ணினார். இந்த வாசலுக்குத் தண்ணி வரணும்னா முதல்ல உலகமே முழுகணும் என்று சொல்லிவிட்டுத் தண்ணிக் கட்டத்தில் பத்து போட்டார். ஏ.சி. வேலை தெரிந்தவர்கள்தான் அங்கே ஹீட்டர் வேலையும் பார்க்கிறார்கள், வருடம் முழுவதும் வேலை உண்டு என்று கம்மாபுரத்துக்காரி சொல்லியிருந்தாள். அதைச் சொன்னதும் இனி ஹீட்டர் படிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார். பனி இருக்கும், வானம் பாதி நாள் மூட்டமாகவே இருக்கும் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அதற்கு மார்க் குறைத்தோம். குறைத்தும் பிட்ஸ்பர்க்தான் முதலில் வந்தது.

அந்த “நான்” கட்டத்தை அவரும் பார்த்தார். தொடவேண்டாம் என்றேன். மூன்று பேரும் சேர்ந்து போவதற்கு ஏஜென்சி ஒப்புக்கொள்ளும்வரை பிள்ளையிடம் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தோம். நிச்சயமில்லாத ஒரு நாளை அவளுக்குச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை காலை வார்டுக்குள் போகுமுன் மெயில் அனுப்பினேன். பிட்ஸ்பர்க், மூன்று பேர். பதினோரு மணிக்கு ஏஜென்சியிலிருந்து ஓர் அம்மா பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். முதலில் நீங்கள் மட்டும் போய் செட்டில் ஆகிவிடுங்கள், ஆறு மாதம் கழித்துக் குடும்பம் வரட்டும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதுதான் வசதி என்றார். யாருக்கு வசதி என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மூன்று பேருக்கும் ஒரே நாளில் டிக்கெட் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் இன்னொரு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. இத்தனை வருட உழைப்பை ஒரு வாக்கியத்தில் வைத்து உருட்டிவிட்டேனே என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மதியத்துக்குள் சொல்வதாகச் சொன்னார். ஒரு மணிக்குப் பதில் வந்தது. மூன்று பேருக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்கிறார்களாம்.

ஹெட் நர்ஸிடம் கெஞ்சி, இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டேன். பஸ் கடலூருக்குள் நுழைவதற்குள் நான் நூறு தடவை மணி பார்த்திருப்பேன். பள்ளி விடும் நேரத்துக்குச் சரியாக வாசலில் போய் நின்றேன். பிள்ளை கூட்டத்தோடு வந்தவள், என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். நான் ஒருநாளும் அந்த நேரத்துக்கு அங்கே வந்ததில்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, முகம் சுண்டிவிட்டது.

“மூணு பேரும் ஒண்ணா போறோம்,” என்றேன். “அவுங்க சரின்னுட்டாங்க.”

 எனக்கு வாய் நிற்கவில்லை. பிட்ஸ்பர்க் என்று சொன்னேன். மூன்று ஆறு கூடுகிற ஊர் என்றேன், மேடு என்றேன், அத்தா படி எண்ணியதைச் சொன்னேன், பனி விழும், அதற்குக் கம்பளிக் கோட்டு வாங்கவேண்டும், உனக்கு என்ன கலர் வேண்டும் என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே பஸ் நிறுத்தம்வரை கூட நடந்து வந்தாள். அங்கே வந்ததும் நின்றாள்.

“ஏர்போர்ட்டுல நீ மட்டும் உள்ள போயிட்டு, கண்ணாடிக்கு அந்தாண்டலேருந்து கைய ஆட்டுவியே. அது கெடையாதுல்ல?”

“கெடையாது. மூணு பேரும் உள்ள போறோம். இந்தாண்ட யாரும் நிக்கப் போறதில்ல.”

 புத்தகப் பையைத் தோளிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“ஊரு பேரு இன்னா சொன்ன?” என்றாள்.